சுடுவதா, தூண்டிப் பார்ப்பதா? சிறுநீரக நரம்பை அடக்கும் வழிகள்

மாத்திரை மேல் மாத்திரை போட்டும் பிபி இறங்காதவர்களுக்கு, சிறுநீரகத்துக்குப் போகும் பரிவு நரம்புகளை (பிபியை ஏற்றிவிடும் தானியங்கி நரம்புகள்) அடக்குவது ஒரு வழி. அவை சிறுநீரகத் தமனியின் வெளிப்பக்கத்தில் கொடி படர்ந்த மாதிரி ஓடுகின்றன. தொடை இடுக்குத் தமனி வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தினால் நரம்புக்குச் சில மில்லிமீட்டர் பக்கத்தில் போய் நின்றுவிடலாம். அதுவரை எல்லாம் ஒன்றுதான். அங்கே போய் என்ன செய்வது என்பதில்தான் போட்டி.

ரேடியோ அலை முறையில் சுருள் வடிவக் கதீட்டர்: நான்கு எலெக்ட்ரோடுகள், நரம்பைச் செயலிழக்க வைக்க ஒரு நிமிடச் சூடு. கிளைத் தமனிகளுக்குள்ளும் நுழையலாம். நுனிப்பக்கம் நரம்புகள் தமனியை இன்னும் ஒட்டி வருவதால் அது லாபம். அல்ட்ராசவுண்ட் முறையில் பலூன்: உள்ளே ஓடும் நீர் தமனியின் உட்சுவரைக் குளிர்விக்க, ஒலியலை சுற்றுவட்டம் முழுக்க 7 விநாடி சுடும். இரண்டுக்கும் 2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தது. நுண்ணூசியால் ஆல்கஹால் செலுத்தும் முறையும் உண்டு.

முதல் இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள், ஜெர்மனியின் லைப்ஸிக்கில், 120 பேரிடம். பகல்நேர மேல் அழுத்தம் அல்ட்ராசவுண்டில் சராசரியாக 13 மி.மீ. (பாதரச அளவில்) இறங்கியது, பிரதான தமனியை மட்டும் ரேடியோ அலையால் சுட்டபோது 6.5, கிளைகளையும் சேர்த்தபோது 8. ஒரே மருத்துவமனையின் சின்ன ஆய்வு என்றாலும் எனக்கு அல்ட்ராசவுண்ட் பக்கம் சாய்வு வந்ததற்கு இதுதான் காரணம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சங்கடம்: சூடு நரம்பில் பட்டதா என்று சுட்டவருக்கே தெரியாது. 2014இல் வெளியான சிம்ப்ளிசிட்டி எச்டிஎன்-3 ஆய்வில் 535 பேர். நிஜமாகச் சுடப்பட்ட நோயாளிகளுக்கு பிபி 14 மி.மீ., சுடுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்ட நோயாளிகளுக்கு 12 மி.மீ. இறங்கியது. பிறகு ஆராய்ந்தபோது, பலருக்குச் சூடு சுற்றிலும் சரியாகப் படவில்லை என்று தெரிந்தது.

மின் தூண்டல் இங்கேதான் உள்ளே வருகிறது. கதீட்டர் நுனியைத் தமனிச் சுவரில் ஒரு புள்ளியில் வைத்து, விநாடிக்கு 20 துடிப்பு வீதம் ஒரு நிமிடம் போல மின்சாரம் கொடுக்கிறார்கள். எல்லோர் கண்ணும் மானிட்டரில். பிபி கோடு மெல்ல மேலே ஏறினால் அங்கே சுட வேண்டிய நரம்பு இருக்கிறது. அசையாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடலாம். சில புள்ளிகளில் பிபி இறங்கும். அங்கே சுட்டால் நமக்கு உதவுகிற நரம்பையே கெடுத்தவர்களாவோம். சுட்ட பிறகு அதே புள்ளியை மறுபடி தூண்டுவார்கள். கோடு அசையவில்லையா, வேலை முடிந்தது.

சரி, விலை இல்லாமலா? தூண்டினால் வலிக்கும், அதனால் மயக்க மருந்து வேண்டும். அந்த மருந்தே பிபி ஏற்றத்தை மழுக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் பிபி பழைய நிலைக்குத் திரும்பும்வரை காத்திருக்கவும் வேண்டும். 7 விநாடி பலூனுக்கு முன்னால் இது ஆமை வேகம்.

சுடவே சுடாமல் மின்சாரத்தை மட்டும் வைத்து நரம்பைக் கட்டுப்படுத்துவது அடுத்த படி. இங்கே அலைவெண்தான் எல்லாம். இந்த நரம்பு விநாடிக்கு அரைத் துடிப்பு அனுப்பினாலே சிறுநீரகம் ரெனின் என்ற பிபி ஏற்றும் பொருளைச் சுரக்கத் தொடங்கும்; ஒரு துடிப்பு அளவில் உப்பைப் பிடித்து வைக்கும்; இரண்டரையில் ரத்த ஓட்டமே குறையும் என்பது விலங்குச் சோதனைகளின் கணக்கு. தப்பான தாளத்தில் தூண்டினால் குறைக்கப் போய் ஏற்றிவிடுவோம். நிறுத்தினால் நரம்பு பழையபடி ஆகிவிடும் என்பது பெரிய ஆறுதல். ஆனால் பிபி வருடக்கணக்கான நோய். அத்தனை காலம் சிறுநீரகத் தமனிக்குள் ஒரு கம்பியை விட்டுவைத்தால் ரத்தம் உறையலாம், தமனி சுருங்கலாம். எனவே பிபிக்கு இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். இதயம் பலவீனமாகி, உடம்பெல்லாம் நீர் கோத்து, நீரைப் பிரித்து வெளியேற்றும் டையூரெடிக் மருந்தும் வேலை செய்யாமல் படுத்திருப்பவருக்குச் சில மணி நேரமோ சில நாளோ நரம்பை அடக்கி உப்பையும் நீரையும் வெளியேற்றிவிட்டு, கதீட்டரை உருவிவிடலாமே. அங்கே இதற்கு ஒரு வேலை இருக்கிறது.