கலவைக் கணக்கு: சமன்பாடா, குறுக்கு முறையா, பங்கு முறையா?

குரூப் 4 தேர்வில் 200 வினாக்களுக்கு மூன்று மணி நேரம், அதாவது வினாவுக்கு 54 நொடிதான் என்பதால், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அத்தேர்வுக்குப் படிப்பவர்கள் கலவைக் கணக்கை எந்த முறையில் போடுவது என்பதைத் தேர்வறைக்குப் போகும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

கிலோ 60 ரூபாய் பெங்களூரா மாம்பழக்கூழையும் 110 ரூபாய் அல்போன்சாக் கூழையும் கலந்து, கலவையின் அடக்கவிலை 80 ரூபாயாக வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம் (விலைகள் கணக்குக்காக மட்டுமே, கிருஷ்ணகிரி மண்டி நிலவரம் அல்ல). இரு விலைகளை இருபுறமும், வேண்டிய விலையை நடுவிலும் எழுதிக் குறுக்கே கழிக்கும் குறுக்கு முறைக்கு இங்கே நிகரில்லை. 110-லிருந்து 80-ஐயும், 80-லிருந்து 60-ஐயும் கழித்தால் பெங்களூராவுக்கும் அல்போன்சாவுக்கும் 30:20, அதாவது 3:2 என்று விகிதம் கிடைத்துவிடும். சமன்பாட்டில் இதற்கு மூன்று நான்கு வரிகளாவது ஆகும்.

ஆனால் பால், நீர் 3:1 என்றும் 5:3 என்றும் உள்ள இரு கலவைகளைச் சேர்த்து 2:1 ஆக்கச் சொன்னால், அந்த விகிதங்களை அப்படியே குறுக்கே எழுதுபவர்களைக் குறுக்கு முறை கவிழ்த்துவிடும். மொத்தத்தில் பாலின் பங்கான 3/4, 5/8, 2/3 ஆகியவற்றையே எழுத வேண்டும். அப்போதுதான் 1:2 என்ற சரியான விடை வரும். விற்பனை விலையும் இலாப விழுக்காடும் தந்திருந்தால், நடுவில் எழுத வேண்டியது அடக்கவிலையே என்பதும் இதே வகை எச்சரிக்கைதான்.

நீர் மட்டும் சேர்க்கும் கணக்குகளில் நான் பங்கு முறையையே தேர்ந்தெடுப்பேன். பாலும் நீரும் 4:1 ஆக உள்ள 45 லிட்டரை 3:2 ஆக மாற்ற எவ்வளவு நீர் ஊற்ற வேண்டும்? மாறாதது பால், ஆகவே அதன் பங்கை இரண்டு விகிதங்களிலும் 12 ஆக்கினால் 12:3, 12:8 என்றாகிறது. முதலில் இருந்த 15 பங்குகள் 45 லிட்டர் என்பதால் ஒரு பங்கு 3 லிட்டர், கூடிய 5 பங்குகள் 15 லிட்டர். ஆறாம் வகுப்புப் பாடத்திலுள்ள விகிதமும் அலகு முறையும் தெரிந்தவருக்கு இது மனக்கணக்கு.

சமன்பாடு மெதுவானதுதான், எனினும் இரண்டு பொருள்களின் அளவும் ஒருங்கே மாறும்போது நம்பத்தக்கது அதுவே.

எடுத்து எடுத்து ஊற்றும் கணக்கை இம்மூன்றிலும் சேர்க்க வேண்டாம். 40 லிட்டர் பாலில் 4 லிட்டரை எடுத்து அதே அளவு நீரூற்றுவதை மூன்று முறை செய்தால், மீதமுள்ள பால் 40 × 9/10 × 9/10 × 9/10 = 29.16 லிட்டர். மூன்று நான்கு பன்னிரண்டு என்று கழித்து 28-ஐக் குறிப்பவர், இரண்டாம் முறையிலிருந்து எடுக்கப்படுவது தனிப்பால் அல்ல, நீர் கலந்த பால் என்பதை விட்டுவிடுகிறார்.