ஊருக்குப் போனாலும் ஓடலாம்: சென்னை, கோவை அனுபவம்

ஊருக்குப் போகிற ஓட்டக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வழியைத் தேடாதீர்கள், ஆட்களைத் தேடுங்கள். லண்டனிலிருந்து மார்கழிக்குத் திருவான்மியூர் சித்தி வீட்டுக்கு வந்தபோது இது நன்றாகவே புரிந்தது. எங்கள் பக்கம் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பூங்காவுக்குப் போனால் போதும், இலவசமாக 5 கிலோமீட்டர் பார்க்ரன் ஓடிவிட்டு வரலாம். இந்தியாவில் அது கிடையாது. ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியைப் பார்த்தால் எந்தத் தெருவில் ஓடுகிறார்கள் என்று தெரியும். எந்த முனையில் நடைபாதை பெயர்ந்து கிடக்கிறது, எங்கே நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கும் என்பதெல்லாம் தினமும் ஓடுகிறவர்கள் சொன்னால்தான் உண்டு.

சென்னையில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 2006-ல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் என்ற ஓட்டக் குழுவுக்கு ஏரியாவுக்கு ஏரியா கிளைக் குழு இருக்கிறது. ஜனவரி மாரத்தானை நடத்துவதும் அவர்கள்தான். கிளம்புவதற்கு முன்பே, தங்கப்போகும் ஏரியாவின் குழுவுக்குச் செய்தி அனுப்பி வாட்ஸப்பில் சேர்ந்துவிடுங்கள். எங்கே கூடுகிறார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் என்று முந்தின இரவே வந்துவிடும். நாலு நாள் வந்து போகிறவள்தானே என்று என்னிடம் யாரும் முகம் சுளிக்கவில்லை, பணமும் கேட்கவில்லை.

சித்திதான் ஒத்துக்கொள்ளவில்லை. "இருட்டுல தனியா எங்கடி கெளம்பிட்ட? விடிஞ்சப்புறம் போயேன்" என்றார். டிசம்பரில் விடியவே ஆறரை ஆகிறது. அதற்குப் பிறகு கிளம்பினால் புழுக்கமும் வண்டி நெரிசலும் ஓட விடாது. குழுவில் ஓடும் அம்மா ஒருவர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் ஐந்து மணிக்கு வாசலுக்கே வந்துவிட்டார். "நான் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துடறேன், நீங்க நிம்மதியாத் தூங்குங்கம்மா" என்று அவர் சொன்ன பிறகு சித்தி வாயே திறக்கவில்லை. தனியாக ஊருக்கு வரும் பெண்களுக்கு இதைவிடப் பெரிய சேவை என்ன இருக்கிறது?

இருட்டில் எல்லோரும் நடைபாதையை விட்டுவிட்டுச் சாலை ஓரமாகத்தான் ஓடுகிறார்கள். முன்னால் போகிறவர் "பள்ளம்!" என்று குரல் கொடுக்க, அடுத்தவர் அதைத் திருப்பிச் சொல்ல, கடைசி ஆள்வரை சொல் போய்ச் சேருகிறது. மூடியில்லாத சாக்கடைக்கு "ஓட்டை!", பின்னால் பஸ் வந்தால் "வண்டி!". இரண்டாம் நாளே நானும் கத்தத் தொடங்கிவிட்டேன்.

வார நாட்களில் எலியட்ஸ் கடற்கரை. கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தாண்டிப் பெசன்ட் நகர் அவென்யூக்களைச் சுற்றி வந்தால் வேண்டிய தூரம் கிடைத்துவிடும். ஞாயிறு நீண்ட ஓட்டம்: அடையாற்றுப் பாலம், சாந்தோம், கலங்கரை விளக்கம் வழியாக மெரினாவில் உழைப்பாளர் சிலை வரை. கடற்காற்று எதிரே வரும்போது கால்வலி தெரிவதே இல்லை.

தனியாக ஓடுவதானால் அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதை இருக்கிறது. 2023 நவம்பரில் தொடங்கிய திட்டம். மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் பாதை குறித்திருக்கிறார்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியனே மாரத்தான் ஓடுகிறவர்.

குறைகளும் உண்டு. ஒரு பூங்காவில் "நடக்கலாம், ஓடக்கூடாது" என்று காவலாளி விசிலடித்து நிறுத்தினார். கடற்கரைப் பக்கம் இருந்த கழிப்பறை ஐந்தரைக்கும் பூட்டியே கிடந்தது. பெண்கள் எத்தனை பேர் இதனாலேயே நீண்ட ஓட்டத்துக்கு வருவதில்லை என்று அந்த அம்மா வருத்தத்தோடு சொன்னார். விடிகாலை நாலரைக்கே திறந்தால் மாநகராட்சிக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

நாய் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது.

கோவையில் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது இந்தக் கவலை எதுவும் இல்லை. ரேஸ் கோர்ஸ் சுற்றுப்பாதை ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். மரநிழல், நல்ல தளம், விடிவதற்கு முன்பே ஆள் நடமாட்டம். பெரியம்மாவும் கூடவே வந்து நடந்தார். குழந்தைகளோடு வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போகலாம்.

கடைசியாகப் பணம். இளநீர்க்காரர்கூட கியூஆர் அட்டையைத்தான் காட்டுகிறார். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் பிரிட்டன், கனடா, சிங்கப்பூர் உள்ளிட்ட நாடுகளின் கைப்பேசி எண்ணிலேயே யூபிஐ போட்டுக்கொள்ளலாம். இல்லாதவர்கள் கால்சட்டைப் பையில் நூறு ரூபாய் வைத்திருங்கள். ஜனவரிப் போட்டியில் ஓட ஆசையிருந்தால் டிக்கெட் போடும்போதே பெயரைப் பதிந்துவிடுங்கள், ஊர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.