நார்த் சீமோர் ஒருநாள் படகுப் பயணம்: பூபி பார்க்கிறவர்களுக்கு மட்டும்

ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில், சாண்டா குரூஸ் தீவில் தங்கிக்கொண்டு நார்த் சீமோர் தீவுக்கு ஒருநாள் படகில் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பூபி என்ற கடல்பறவைக்காக என்றால் தாராளமாகப் போங்கள், குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் என்றால் வேறு படகு பாருங்கள். ஆளுக்கு இருநூறு டாலருக்கு மேல் ஆகிவிடுகிறது. 2024 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்குத் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணமே 200 டாலர், அது தனி.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பதிவு செய்த நிறுவனத்தின் விளம்பரத்தில் சிவப்புக்கால் பூபியைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அது மரத்தில் கூடு கட்டும் இனம். ஹெனோவேசா தீவுக்கோ சான் கிறிஸ்டோபல் தீவின் புண்டா பிட் முனைக்கோ போனால்தான் நம்பிப் பார்க்கலாம். இங்கே நீலக்கால் பூபிதான். கேட்டால் “படம் சும்மா பொதுவாகப் போட்டது” என்றார்கள்.

ஆனால் வழிகாட்டிக்கு முழு மதிப்பெண். பூங்கா உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் தீவில் இறங்கவே விடமாட்டார்கள், எங்களுக்கு வாய்த்தவர் துளியும் அவசரப்படாத ஆள். பூபிக்குக் கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, பாதை ஓரத்தில் வெறுந்தரையில் எச்சத்தால் வெள்ளை வட்டம் போட்டு அதற்குள் முட்டையோடு உட்கார்ந்திருக்கிறது, நம்மைக் கண்டு எழுந்து ஓடுவதுமில்லை. மற்ற பறவைகளுக்கு அடைகாக்க வயிற்றில் இருக்கும் வெற்றுத்தோல் இந்தக் குடும்பத்துக்கு இல்லையாம், பாதத்தால்தான் சூடு கொடுக்கின்றன. ஒன்று எழுந்து, முட்டையை அலகால் புரட்டி, நீலப் பாதங்களை ஒவ்வொன்றாக அதன்மேல் பதித்து மறுபடி அமர்ந்ததை நின்று பார்த்தோம். அப்புறம் ஜோடி சேர ஆடும் அந்த ஆட்டம்! ஆண் ஒரு காலைத் தூக்கி, அதை வைத்து மறுகாலைத் தூக்கி, வானத்தைப் பார்த்து விசிலடிக்கிறது. பெண்ணுக்கு விசில் வராது, கரகரப்பான குரல்தான். அந்த நீலத்துக்குத் தின்னும் மீனில் உள்ள நிறமியும் காரணம், இரண்டு நாள் சரியாக இரை இல்லையென்றால் மங்கிவிடும், அதனால் பெண் காலைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறது என்று அவர் விளக்கினார்.

திரும்பும்போது படகுக்குப் பக்கத்திலேயே பூபிகளின் மீன் வேட்டை. இறக்கையைப் பின்னால் மடக்கி அம்பு மாதிரி செங்குத்தாக விழுகின்றன. வெளியே மூக்குத் துவாரம் கிடையாது, அலகின் ஓரத்தில்தான் மூச்சு. முகத்தோலுக்கு அடியில் இருக்கும் காற்றுப் பைகள் அடியைத் தாங்கிக்கொள்கின்றன. பிடித்ததைப் பிடுங்க ஃபிரிகேட் பறவைகள் மேலேயே சுற்றுகின்றன, பாவம். மத்தி மீன் குறைந்ததில் கலாபகோஸில் நீலக்கால் பூபிகளின் எண்ணிக்கையே சரிந்துவிட்டது: 1960களில் சுமார் 20,000, 2012இல் சுமார் 6,400.

மதியச் சாப்பாடு ஆறிப்போன சோறும் மீனும். கடலுக்குள் முகம் புதைத்துப் பார்க்கக் கொடுத்த ஸ்நார்கெல் கண்ணாடியில் தண்ணீர் கசிந்தது. படமெடுக்கப் பெரிய லென்ஸ் தேவையே இல்லை, பறவையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி, அந்தத் தூரத்துக்கு ஃபோனே போதும், ஃப்ளாஷ் மட்டும் கூடாது. பாதையில் நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும்முன் எந்தத் தீவில் எந்தப் பூபி என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.