வினைல் சைடிங் பழுது: மூன்று முறைகளும் ஆறு ஆண்டுகளும்

எங்கள் வீட்டின் வெளிச்சுவரை மூடியிருக்கும் வினைல் சைடிங் (ஒன்றோடொன்று கோத்த நீளமான பிளாஸ்டிக் பேனல்கள்) ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரே பருவத்தில் மூன்று இடங்களில் சேதமடைந்தது. புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து தெறித்த கல் ஒரு பேனலைத் துளைத்தது. கடுங்குளிரில் ஏணி சரிந்து விழுந்ததில் இன்னொன்று நீளவாக்கில் விரிசல் விட்டது. சுவரை ஒட்டி வைத்த கரி அடுப்பின் வெப்பத்தில் மூன்றாவது நெளிந்துபோனது. மூன்றையும் மூன்று விதமாகச் சரிசெய்தேன். முதல் ஆண்டிலேயே இதை எழுதியிருந்தால் மூன்றையும் ஒன்றுபோலவே பாராட்டியிருப்பேன்.

விரிசலுக்குச் சீலன்ட் என்னும் அடைப்புப் பசையைப் பூசியதுதான் மிகவும் எளிதாக இருந்தது. முதலில் தோற்றதும் அதுவே. பிவிசி என்னும் பிளாஸ்டிக்கால் ஆன இந்தப் பேனல்கள் வெப்பத்தில் நீண்டு குளிரில் சுருங்குபவை; 12 அடி நீளப் பேனல் ஒன்று கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையில் அரை அங்குலம் வரை நீளம் மாறக்கூடும். இரண்டாம் குளிர்காலத்தில் பூச்சின் ஓரம் பிரிந்தது. அதற்குள் அதில் ஒட்டிய தூசி, விரிசலைவிட எடுப்பாகத் தெரியும் கறுப்புக் கோடாகிவிட்டிருந்தது.

கல் துளைத்த இடத்தில், மீந்த துண்டு ஒன்றைத் துளையைவிடப் பெரிதாக வெட்டி, பேனலின் பின்பக்கத்தைச் சுத்தம்செய்து, பிவிசி பசையால் உட்புறமாக ஒட்டினேன். இன்றுவரை அது அசையவில்லை. சாய்வெயில் விழும்போது மட்டும் துளையின் விளிம்பு தெரிகிறது. அது என் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறதோ என்னவோ.

நெளிந்த பேனலை முழுமையாக மாற்றினேன். இதற்கு வேண்டிய முக்கியமான கருவி ஜிப் டூல் என்னும், நுனி வளைந்த சிறு கொக்கி. மேலிருக்கும் பேனலின் அடிவிளிம்பில் அதை மாட்டிக் கீழ்நோக்கி இழுத்தபடி நகர்த்தினால் இரு பேனல்களையும் கோத்திருக்கும் பூட்டு விடுபடும். பிறகு பழைய பேனலின் ஆணிகளைக் கழற்றி எடுத்துவிடலாம். குளிரில் வினைல் எளிதில் நொறுங்கும் என்பதால் இந்த வேலையை மிதமான வெப்பமுள்ள நாளில் செய்வதே நல்லது. நான் செய்த பிழை, ஆணிகளை இறுக அடித்ததுதான். நகர இடமில்லாத புதிய பேனல் முதல் கோடையிலேயே அலை அலையாகப் புடைத்தது. ஆணியை, பேனலின் மேல்விளிம்பில் அதற்கென உள்ள நீள்துளையின் நடுவில், தலைக்கும் பேனலுக்கும் இடையே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். முனைகளில் கால் அங்குலம் விட வேண்டும். சுவரோடு இறுகப் பிணைப்பதற்காக அன்றி, தொங்கவிடுவதற்காகவே சைடிங் வடிவமைக்கப்பட்டது என்பதை அந்தப் புடைப்பு எனக்குப் புரியவைத்தது. மீண்டும் அடித்தபின் ஐந்து கோடைகளைக் கண்டும் அது நேராகவே இருக்கிறது.

நிறம் பொருந்தாததுதான் எஞ்சிய குறை. வெயிலில் வெளுத்த சுவரில் புதுப் பேனல் தைத்த ஒட்டுப்போல் பளிச்சென்று தெரிந்தது. ஆகவே சீலன்ட் தோற்ற பேனலை மாற்றியபோது, கார் கொட்டகையின் பின்சுவரிலிருந்து ஒரு பழைய பேனலைக் கழற்றி முகப்பில் பொருத்தி, புதியதை அங்கே போட்டேன். எது மாற்றியது என்று விருந்தினர் எவருக்கும் இதுவரை தெரியவில்லை. உதிரியாக மீந்திருக்கும் இரண்டு புதிய பேனல்களையும் இப்போது கொட்டகைக்குள் வைப்பதில்லை. சுவரோடு சேர்ந்து வெளுக்கட்டும் என்று வெளியே வெயிலில் தட்டையாகக் கிடத்தியிருக்கிறேன்.