ஒரே நாளில் ராஜகிரி: செஞ்சிக்கோட்டை மலையேற்றம் பற்றி ஒரு மதிப்பீடு

சென்னையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, மலையேறி இறங்கி, இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் செஞ்சிக்கோட்டையின் மூன்று மலைகளுள் ஒன்றான ராஜகிரிக்கு நான் மூன்று முறை சென்றிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் காரில் ஆற அமரப் போய்ச் சேர்ந்து, பதினொரு மணி வெயிலில் படியேறத் தொடங்கி, பாதி வழியில் பாறை நிழலைத் தேடி உட்கார்ந்ததுதான் மிச்சம். சென்ற தை மாதத்தில் காலையிலேயே போய் ஏறிய பிறகுதான் இந்த மலையைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு வந்ததாக நினைக்கிறேன்.

கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் பேருந்துகள் செஞ்சியில் நிற்கும். சென்னை நகரிலிருந்து தொலைவு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஊருக்குள் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் கோட்டை வாசல். நுழைவுக் கட்டணம் 25 ரூபாய். பிற்பகலுக்கு மேல் ராஜகிரி மீது ஏற விடுவதில்லை என்பதாலும் காலை நேரமே சரி.

தரையிலிருந்து ஏறத்தாழ 800 அடி உயரம் என்று கேட்கும்போது பெரிதாகத் தோன்றாது. பழனிப் படிகளை ஏறியவர்கள் அலட்சியமாகச் சிரிக்கவும் கூடும். ஆனால் ராஜகிரியின் படிகள் கோயில் படிகளைப் போல ஒரே அளவில் அமைந்தவை அல்ல. ஒரு படி கணுக்கால் உயரம் இருந்தால் அடுத்தது முழங்காலைத் தொடும். சில இடங்களில் பாறையே படியாகி, பல நூறு ஆண்டுகளாகப் பட்ட காலடியில் நடுப்பகுதி தேய்ந்து, எண்ணெய் பூசியதுபோல் வழவழவென்று கிடக்கிறது. மூச்சு ஒரு தாளத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு வாயில் குறுக்கிட்டுப் பாதையைத் திருப்பிவிடுகிறது. திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் மேலேயிருக்கும் மதில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெறும் தண்ணீர்ப் பாட்டிலோடு ஏறுகிற நமக்கே இந்தப் பாடு என்றால், மேலிருந்து குண்டு பொழியும்போது ஏற வேண்டியிருந்தவர்களின் நிலை என்ன? சிவாஜியின் மகனும் மராட்டிய மன்னருமான இராஜாராம் தங்கியிருந்த இக்கோட்டையைச் சுல்பிகர் கானின் முகலாயப் படை 1690இல் முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698இல்தான். பள்ளிப் பாடத்தில் வெறும் எண்ணாக இருந்த அந்த இடைவெளிக்கு இந்தப் படிகளில்தான் எனக்குப் பொருள் விளங்கியது.

உச்சிக்குச் சற்று முன்பு மலையே இரண்டாகப் பிளந்ததுபோல் ஒரு பள்ளம் வருகிறது. அக்காலத்தில் வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய பாலம் இருந்த இடம் அது. இன்று ஒரு சிறு நடைப்பாலம் இருக்கிறது. அதன் நடுவில் நின்றால் கீழேயிருந்து எழும் காற்று சட்டையை உப்பச் செய்கிறது. உயரம் என்றால் அஞ்சும் என் மைத்துனர் கைப்பிடியை இறுகப் பற்றியபடி, "நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் மாமா" என்றார். பின்னால் வந்த ஒரு பாட்டி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கடந்ததைப் பார்த்த பிறகு அவரும் வந்துவிட்டார். உச்சியில் அரங்கநாதர் கோயிலும் களஞ்சியமும் மணிக்கூண்டும் இருக்கின்றன. சாலைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மலையும், தென்கிழக்கே சந்திரகிரி மலையும், மூன்றையும் இணைத்து வயல்களுக்கு நடுவே ஓடும் மதிலும் ஒரே பார்வையில் தெரிவது இங்கிருந்துதான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மேலே குடிநீர் விற்பார் யாருமில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் சுமந்தே ஆக வேண்டும். குரங்குகள் நெகிழிப் பையின் சத்தத்தை நன்கு அறிந்து வைத்திருக்கின்றன. எங்கள் புளியோதரைப் பொட்டலம் இரண்டாவது வாயிலிலேயே கைமாறியது. ஜிப்பை முழுதாக இழுத்து மூடக்கூடிய முதுகுப்பையில் வைத்திருந்தால் பிழைத்திருக்கும். பங்குனி முதல் ஆவணி வரை பாறை கொதிக்கும் என்பதால் கார்த்திகை முதல் மாசி வரை செல்வதே நலம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே சோதனையாக இருக்கும். என் கால்கள் இறங்கி முடிக்கும்போது தறிபோல் ஆடின.

கீழேயுள்ள கல்யாண மகால், குதிரை லாயங்கள், ஆனைக்குளம் ஆகியவற்றை இறங்கிய பிறகு பார்க்கலாம். முதலில் அவற்றைச் சுற்றினால் ஏறுவதற்குரிய குளிர்ந்த நேரம் வீணாகிவிடும். வேங்கடரமணர் கோயிலை மட்டும் தவறவிடக் கூடாது. அங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துச் சென்ற கற்றூண்கள்தாம் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. அவற்றின் முன்னால் படமெடுத்துக்கொண்ட நம்மில் பலரும் செஞ்சியின் ஒரு துண்டை ஏற்கெனவே பார்த்தவர்களே.

மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, மகாராட்டிரத்துக்கு வெளியே அந்தப் பட்டியலில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். ஆகவே விடுமுறை நாள்களில் கூட்டம் இனியும் கூடும்; முடிந்தால் வார நாளில் செல்லுங்கள். கிருஷ்ணகிரியையும் அன்றே ஏறிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் அதன் அடிவாரத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டு, நான்கு மணிப் பேருந்தைப் பிடித்தோம்.