மது லிசான்ஸுக்கு (உரிமத்துக்கு) அரசுக் கட்டணம் என்று 1,850 யூரோ கொடுத்தேன், நீங்கள் கொடுக்காதீர்கள்

பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனில் உணவகம் திறக்கப் போகிறவர்கள், குறிப்பாகப் புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து வந்தவர்கள், யாரிடமும் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள். நான் ஏமாந்ததற்குப் பாதிக் காரணம் நம் ஊர்ப் பழக்கம்தான்.

என் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். அந்த வழியில் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வந்தது. பாஸ்போர்ட் பிரெஞ்சு, பேச்சு தமிழ் என்கிற ரகம் நான். சேன் ஆந்த்ரேயில் 24 பேர் உட்காரும் அளவுக்கு ஒரு சின்ன இடம் வாடகைக்குக் கிடைத்தது. சித்திரை ஒன்றுக்குள் திறந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கபிரி கறியோடு (ஆட்டுக்கறி) பீரும் வைனும் வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் ஒரு சின்னக் கோப்பை ரம் ஆரான்ஜே, பழமும் வாசனைப் பொருளும் ஊறவைத்த ரம், வேண்டும். அது இல்லாவிட்டால் இந்தத் தீவில் வாடிக்கையாளர் எழுந்து போக மனம் வராமல் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கோவிலில் பழக்கமானவர் ஒருவர், இந்த மாதிரிப் பேப்பர் வேலைகளை முடித்துத் தருகிற தமிழ்க்காரரை அறிமுகப்படுத்தினார். “அண்ணா, நீங்க அடுப்பைப் பாருங்க, மேரிக்கு நான் போறேன்” என்றார் அந்த மனிதர். மேரி என்றால் நகராட்சி அலுவலகம். கேட்க எவ்வளவு இதமாக இருந்தது! இரண்டே நாளில் பில் வந்தது. பயிற்சிக்கு 450 யூரோ, அவருடைய கூலி 600, அப்புறம் “டிரா த லிசான்ஸ்” (உரிம வரி) என்று 1,850. மொத்தம் 2,900. மேலே பிரெஞ்சுக் கொடியின் மூவர்ணக் கோடு வேறு போட்டிருந்தது. அந்த 1,850 என்ன என்று கேட்டதற்கு, “பிரெஃபெக்தூருக்குப் போற தேம்பர் பணம்” என்றார், அதாவது அரசு நிர்வாக அலுவலகத்துக்கான முத்திரைக் கட்டணமாம்.

எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? புதுச்சேரியில் எஃப்.எல்.1, எஃப்.எல்.2 என்று உரிமம் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கலால் துறைக்கு லட்சக்கணக்கில் கட்டுகிற கதையைச் சொல்வார்கள். பக்கத்தில் தமிழ்நாட்டிலோ 2003 முதல் சில்லறை விற்பனையே டாஸ்மாக் கைக்குப் போய்விட்டது. சரக்கு விற்றால் சர்க்கார் கை நீட்டும் என்பது நமக்கு ஊறிப்போன விஷயம். 1,850 யூரோ என்றதும், பரவாயில்லை, மலிவுதான் என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பயிற்சி மட்டும் உண்மை. பெர்மி தெக்ஸ்ப்ளுவத்தாசியோன் என்பது சட்டப்படி புதிதாகத் திறப்பவர் படிக்க வேண்டிய 20 மணி நேர வகுப்பு. சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். உள்துறை அமைச்சகம் அங்கீகரித்த நிலையத்தில் படிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. நானும் போய் உட்கார்ந்தேன். பாடம் நடத்திய அம்மா லிசான்ஸைப் பற்றி நெடுநேரம் பேசினார். அந்த நேரம் பார்த்து காஸ் இணைப்புக்காரர் போன் செய்ய, நான் வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்தேன்.

கடை திறந்து இரண்டு மாதம் ஓடியது. பக்கத்துத் தெருவில் இருபது வருடமாகக் கடை வைத்திருக்கும் கிரெயோல் பெரியவர் சாப்பிட வந்தார். ரம் ஜாடியைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த ரெசெபிசேயை (மேரி தந்த ஒப்புகைச் சீட்டை) பார்த்தார், மறுபடி ஜாடியைப் பார்த்தார். “உன்னிடம் இருப்பது சின்ன லிசான்ஸ் ஆச்சே” என்றார். எழுந்து போய் விரலை வைத்துக் காட்டினார். “பெத்தித் லிசான்ஸ் ரெஸ்தோரான்” என்ற கட்டத்தில்தான் குறி இருந்தது. அதன்படி சாப்பாட்டோடு பீர், வைன் வகைதான் கொடுக்கலாம். ரம்முக்கு “பெத்தித்” இல்லாத முழு லிசான்ஸ் ரெஸ்தோரான் வேண்டும். நான் பணம் கட்டியதும் அதற்குத்தான். இரண்டு மாதமாகத் தெரியாமலே சட்டத்தை மீறி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை மேரியில் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் என் பில்லை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். அப்புறம் பக்கத்து மேசைக்காரியிடம் நீட்டினாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. “செ கிராத்துய், முசியே” என்றாள் மெதுவாக. இலவசம். செர்ஃபா 11542 என்ற படிவத்தை நிரப்பி, திறப்பதற்குக் குறைந்தது 15 நாள் முன்னால் மேரியில் கொடுத்தால் ரெசெபிசே தருவார்கள். அரசுக்கு ஒரு சென்ட் கட்ட வேண்டியதில்லை. டிரா த லிசான்ஸ் என்ற பெயரில் முன்பு உண்மையிலேயே ஒரு வரி இருந்ததாம், அதை எப்போதோ எடுத்துவிட்டார்கள். செத்த வரியின் பெயரில் என்னிடம் வசூல் செய்திருக்கிறார் மனிதர்.

பார்சலாக மது விற்கும் மளிகைக் கடைக்கும் இதே கதைதான், லிசான்ஸுக்குப் பணம் இல்லை. பணம் புரள்வது நாலாம் எண் லிசான்ஸில். சாப்பாடு இல்லாமல் எல்லா மதுவும் ஊற்றும் பாருக்கு உரியது அது. புதிதாக வாங்குவது அரிது, ஏற்கெனவே வைத்திருப்பவரிடம்தான் விலை பேசி வாங்க வேண்டும். அந்த விலையும் விற்பவருக்குப் போகிறது, அரசுக்கு அல்ல. தரகர்கள் அந்தப் பேரத்தைக் காட்டித்தான் நம்மை மிரட்டுகிறார்கள். ரம் காய்ச்சி வடிப்பவர்கள் கணக்கு முற்றிலும் வேறு. அது துவான்காரர்கள் (சுங்கத்துறை) பார்ப்பது, சுத்த ஆல்கஹால் எத்தனை லிட்டர் என்று கணக்கிட்டு வரி போடுவார்கள். 24 இருக்கைக் கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அவருடைய கூலி 600 யூரோவுக்கு நான் வருத்தப்படவில்லை, தவறான கட்டத்தில் குறி போடுவதற்குக்கூட நேரம் ஆகுமே. 1,850க்குத்தான் பதிவுத் தபால் அனுப்பினேன், பதில் இல்லை. ஜாந்தார்மரி காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பில்லையும் வங்கிச் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்ததால் அதுவாவது முடிந்தது. கையில் ரொக்கமாகக் கொடுத்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

புதிய படிவத்தை நானே நிரப்பினேன். காபி குடித்து முடிப்பதற்குள் முடிந்தது. 15 நாள் ஜாடியைச் சமையலறை மேல்தட்டில் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். நேற்று அந்த மனிதரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: “தேம்பர் பணம் திரும்ப வராது அண்ணா. வேணும்னா அடுத்த வருஷ ரினியூவல்ல கழிச்சுக்கலாம்.”

இதற்கு ரினியூவலும் கிடையாது.