மூன்று வருட ஓப்பன்ஸ்டாக்கும் அந்த ஒரு ‘அட்மின்’ ரோலும்

போன ஞாயிறு கல்லூரித் தோழன் ஒருவன் போன் செய்தான். அவன் அலுவலகத்தில் பழைய சர்வர்கள் சும்மா கிடக்கின்றனவாம். “நீதான் ஓப்பன்ஸ்டாக் வெச்சிருக்கியே, நானும் போடட்டுமாடா?” என்றான். ஓப்பன்ஸ்டாக் என்பது நம் சொந்த சர்வர்களையே ஒரு கிளவுட் ஆக்கித் தரும் இலவச மென்பொருள். வேறு எந்த வாரம் கேட்டிருந்தாலும் நிதானமாகச் சொல்லியிருப்பேன். அப்கிரேடு முடித்து, ஒரு விஷயம் தெரிந்து, நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட்டான்.

எங்களுடையது சின்ன இடம். மூன்று சர்வர், ஒரு ஸ்விட்ச், ஐந்து குழு, 34 பேர். கொல்லா-ஆன்சிபிள் என்ற நிறுவும் கருவியை வைத்து நிறுவியது. நிறுவிய கதையை விடுகிறேன், அது எல்லோர் வீட்டிலும் ஒரே மாதிரி அழுகைதான்.

நெட்வொர்க் விஷயத்தில் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். முன்பெல்லாம் ஒரு குழுவுக்குத் தனி நெட்வொர்க் வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். நான் ஸ்விட்சுக்குள் போய் விலான் (ஒரே ஸ்விட்சில் எண் கொடுத்துப் பிரிக்கும் தனி நெட்வொர்க்) போட்டு, எக்செல்லில் எழுதி, எழுத மறந்து, பிறகு இரண்டு பேருக்கு ஒரே எண்ணைக் கொடுத்துத் திட்டு வாங்குவேன். இப்போது அவர்களே ஓப்பன்ஸ்டாக்கின் வலைப்பக்கமான ஹொரைசனில் நெட்வொர்க், சப்நெட், ரவுட்டர் என்று வரைந்துகொள்கிறார்கள். இரண்டு குழுக்கள் 192.168.10.0 என்ற அதே ஐபி வரிசையை வைத்திருக்கின்றன. இரண்டு இடத்திலும் 192.168.10.5 என்று ஒரு விஎம் (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓடுகிறது. மோதவே இல்லை. அடியில் இருக்கும் விஎக்ஸ்லான் என்ற நுட்பம் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனி எண் போட்டு, பாக்கெட்டை ஓர் உறைக்குள் வைத்து அனுப்புகிறது. ரவுட்டர்களும் லினக்ஸில் தனித்தனி நேம்ஸ்பேஸில், அதாவது ஒன்றையொன்று பார்க்காத தனி அறைகளில், இருக்கின்றன. ஸ்விட்சுக்கு இதெல்லாம் தெரியாது. அதன் பாஸ்வேர்டே எனக்கு மறந்துவிட்டது.

அந்த உறைக்கு 50 பைட் போய்விடுவதால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500 இல்லை, 1450. விஎம்முக்கு அது தானாகத் தெரிந்துவிடும். விஎம்முக்குள் ஆப்களைத் தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் 1500 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். சின்னச் சோதனையான பிங் போகும், பெரிய டவுன்லோடு மட்டும் பாதியில் நிற்கும். ஒரு நாள் முழுக்க ஃபயர்வாலைத் திட்டிய பிறகுதான் எனக்கு இது புரிந்தது. சரி, அது என் தப்பு.

இனி யூசர் கணக்கு. ஓப்பன்ஸ்டாக்கில் ஒரு குழுவின் விஎம், நெட்வொர்க் எல்லாம் இருக்கும் பெட்டிக்கு ப்ராஜெக்ட் என்று பெயர். அதற்குள் யார் என்ன செய்யலாம் என்ற உரிமைதான் ரோல்.

ஒரு குழுவின் லீடு வந்து, “புது ஆள் சேரும்போதெல்லாம் உங்களைத் தேடி வர வேண்டியிருக்கு சார், எங்க ப்ராஜெக்டுக்கு மட்டும் அட்மின் கொடுத்திடுங்க” என்றார். நியாயமாகத்தான் பட்டது. ரோல் கொடுக்கும் கட்டளையிலேயே ப்ராஜெக்ட் பெயரைக் கேட்கிறது. அவர் ப்ராஜெக்டின் பெயரைப் போட்டு அட்மின் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நிறுத்தி வைத்திருந்த இரண்டு விஎம்களை அவர் அழித்துவிட்டார். ‘டெஸ்ட்-1’, ‘டெஸ்ட்-2’ என்று பெயர். தன்னுடைய பழைய குப்பை என்று நினைத்திருக்கிறார். அவை இன்னொரு குழுவுடையவை. முதலில் அவர் மேல்தான் கோபம் வந்தது. அவர் திரையைப் பார்த்ததும் என் வயிறு கலங்கியது. ஐந்து குழுக்களின் விஎம்மும் அங்கே வரிசையாக நின்றன.

ஒரு ப்ராஜெக்டில் அட்மின் என்றால் எல்லா ப்ராஜெக்டிலும் அட்மின். ஒவ்வொரு சர்வீசும் இவரிடம் அட்மின் ரோல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. எங்கே அட்மின் என்று கேட்பதில்லை. மாடி வீட்டுச் சாவி கேட்டவரிடம் காம்பவுண்டில் உள்ள எல்லா வீட்டுச் சாவியையும் கொடுத்தது போல. இது புதிய குறையும் இல்லை. ஓப்பன்ஸ்டாக்கின் குறைப் பட்டியலில் 968696 என்ற எண்ணில் 2012லேயே பதிவாகியிருக்கிறது. எங்கள் லீடு அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்.

ஓப்பன்ஸ்டாக்கை எழுதுபவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2010இல் ராக்ஸ்பேஸும் நாசாவும் தொடங்கியபோது யூசர், ரோல் எல்லாம் பார்த்துக்கொள்ளும் கீஸ்டோன் என்ற ஒன்றே கிடையாது. அது பின்னால் வந்தது, ஒவ்வொரு சர்வீசும் யாருக்கு என்ன அனுமதி என்று தனக்கென்று ஒரு பாலிசி வைத்துக்கொண்டது. இன்று அட்மின் என்ற சொல்லின் பொருளை மாற்றினால் உலகம் முழுக்க எத்தனையோ பேரின் ஸ்கிரிப்ட் உடையும். நடுவில் கிளவுட் முழுமைக்கான அதிகாரத்தை ப்ராஜெக்ட் அதிகாரத்திலிருந்து பிரிக்க, சிஸ்டம் ஸ்கோப் என்று ஒரு வழி போட்டார்கள். கிளவுட் நடத்துபவர்களே அது சிக்கல் என்றதும் பெரும்பாலும் பின்வாங்கினார்கள். புரிகிறது. ஆனால் ப்ராஜெக்டின் பெயரை எதற்குக் கேட்டு வாங்கினாய்?

சரி, இப்போதைய எரிச்சலுக்கு வருகிறேன். ஓப்பன்ஸ்டாக்கின் 2024.2 வெளியீட்டில் டொமைன் மேனேஜர் என்று ஒன்று வந்துவிட்டது. டொமைன் என்பது யூசர்களையும் ப்ராஜெக்டுகளையும் சேர்த்து வைக்கும் பெரிய பெட்டி. டொமைன் அளவில் ஒருவருக்கு மேனேஜர் ரோல் கொடுத்தால் போதும். அந்த டொமைனுக்குள் யூசர், ப்ராஜெக்ட் எல்லாம் அவரே உருவாக்கலாம், வெளியே கை நீட்ட முடியாது. நான் கேட்டது இதைத்தான். ஆசை ஆசையாக அப்கிரேடு செய்தேன்.

எங்கள் கணக்குகள் அத்தனையும் ‘டிஃபால்ட்’ டொமைனில் இருக்கின்றன. மூன்று வருடத்துக்கு முன்னால், சின்ன இடத்துக்கு எதற்கு டொமைன் என்று விட்டுவிட்டேன். சரி, இப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், ஒரு யூசரையோ ப்ராஜெக்டையோ ஒரு டொமைனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவே முடியாது. புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். விஎம்மும் ப்ராஜெக்ட் மாறாது. ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்து, அந்த இமேஜை அடுத்த ப்ராஜெக்டுடன் பகிர்ந்து, அங்கே மறுபடி எழுப்ப வேண்டும். வெளியிலிருந்து விஎம்மை எட்டும் முகவரியான ஃப்ளோட்டிங் ஐபியையும் இங்கே விட்டு அங்கே எடுக்க வேண்டும். வால்யூமை (விஎம்மின் வட்டு) மட்டும் ஒழுங்காகக் கைமாற்றலாம். இதற்கெல்லாம் மேல், ஹொரைசனில் பல டொமைன் வசதியைத் திறந்தால் லாகின் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பெட்டி முளைக்கும். அதில் என்ன போடுவது என்று 34 பேரும் எனக்கு போன் செய்வார்கள்.

தோழனிடம் “போடாதே” என்றேன். அவனுடைய இரண்டு சர்வருக்கும் ஆறு பேருக்கும், விஎம் ஓட்டும் எளிய மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் போதும். “அப்ப நீ ஏன் மாத்தல?” என்று கேட்டான். நெட்வொர்க்கைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவன் மனம் மாறுவது குரலிலேயே தெரிந்தது. அப்படியே போட்டாலும் முதல் யூசரை உருவாக்கும் முன் குழுவுக்கு ஒரு டொமைன் போடு, யாருக்கும் அட்மின் கொடுக்காதே என்றேன்.

சனிக்கிழமை முதல் குழுவை மாற்றுகிறேன். அந்த லீடின் குழுவைத்தான். ‘டெஸ்ட்’ என்று எதற்கும் பெயர் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.